ஓட்டுக்கு ஏது மினிமம் பேலன்ஸ்?

கேள்வி: கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 'பெண்களின் வாக்கு வங்கி இனி ஜனநாயகக் கட்சிக்குத்தான்' என்று 2022 ஜூலை இதழில், 34ம் பக்கத்தில், அடித்துச் சொன்னீர்கள். 2024ல் கமலா ஹாரிஸ் தோற்றாரே, அந்த வங்கி என்ன ஆயிற்று?
(பழைய சந்தாதாரர், கும்பகோணம்)

பதில்: பழைய இதழைப் பத்திரமாக வைத்திருந்து கேள்வி கேட்கும் வாசகர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பைண்ட் வால்யூமைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறேன். கணிப்பு தப்பிப் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், 'வாக்கு வங்கி' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேனே, அதுதான் வலிக்கிறது. இந்த ஆபீஸில் அந்தச் சொல்லுக்குப் பல வருடமாகத் தடை. யார் எழுதினாலும் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அபராதம். தேர்தல் வந்துவிட்டால் உதவி ஆசிரியர்கள் கட்டுரைக்குள் ஒன்றைச் செருகுவார்கள், நான் அடிப்பேன், அவர்கள் அதைத் தலைப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். உங்கள் கடிதத்தை அவர்களும் படித்துவிட்டார்கள். ஆறு டீ, இரண்டு மசால் வடை. கணக்கு உங்கள் பெயரில்.

வங்கி என்றால் என்ன சார்? போன வாரம் பாஸ்புக்கில் என்ட்ரி போட ஒரு வங்கிக்குப் போனேன். மிஷின் வாய்க்குள் புத்தகத்தை வைத்தால் உள்ளே இழுத்து, கரகரவென்று ஏதோ யோசித்து, 'பார்கோடு சரியில்லை' என்று துப்பியது. கவுன்டரில் கேட்டால் மிஷினில் போடுங்கள் என்றார்கள். மிஷினில் போட்டுத்தான் வருகிறேன் என்றால், புது பார்கோடு ஒட்ட வேண்டும், ஒட்டுகிறவர் லீவு என்றார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டி இரக்கப்பட்டு, புத்தகத்தை வேட்டியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு வையுங்கள் என்றார். தேய்த்தேன். வேலை செய்தது! ஆனால் எட்டு மாத என்ட்ரியையும் ஒரே வரியின் மேல் அடித்துக் கொடுத்தது. இருக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு என் பணம் என் கணக்கில் அப்படியே இருக்கிறது. நான் எட்டு மாதம் எட்டிப் பார்க்காமல் தூங்கினாலும் இருக்கும். ஓட்டு அப்படியா? சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேசிய வார்த்தை காலையில் க்யூவில் நிற்கும்போது இருக்காது.

இந்தச் சொல் நம்ம பக்கத்துச் சரக்கு. மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி எம்.என். ஸ்ரீனிவாஸ் என்ற சமூகவியலாளர் 1955ல் எழுதிய கட்டுரையில் புழக்கத்துக்கு வந்தது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் இருப்பார், அவரை அண்டிப் பிழைக்கிறவர்களின் ஓட்டு அவர் கைக்குள் இருக்கும், கட்சிக்காரன் அவரைப் போய்ப் பார்த்தால் போதும். அதாவது வங்கி என்றால் மேனேஜர் ஒருவர் வேண்டும். அமெரிக்கப் பெண்களுக்கு மேனேஜர் யார்? கேன்ஸஸைப் பாருங்கள். 2020ல் டிரம்ப் சுமார் 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம். தீர்ப்பு வந்தது 2022 ஜூன் 24. ஆகஸ்ட் 2ந் தேதியே அங்கே வாக்கெடுப்பு, மாநில அரசியல் சட்டத்தில் கருக்கலைப்புக்கு உள்ள பாதுகாப்பை நீக்கலாமா என்று. ஆகஸ்ட் வெயிலில், கட்சி உள்தேர்தல் நாளில், யாரும் வர மாட்டார்கள் என்று நம்பி, நீக்க நினைத்தவர்கள் வைத்தார்கள். 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அந்த உற்சாகத்தில்தான் நானும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் உளறினோம் என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் என் கட்டுரை ஜூலையிலேயே வந்துவிட்டது. சரி, நான் அவர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே உளறிவிட்டேன்.

இப்போது 2024க்கு வாருங்கள். பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு உரிமை வாக்குச் சீட்டில் இருந்தது, ஏழில் ஜெயித்தது. அந்த ஏழில் அரிசோனா, மிசௌரி, மொன்டானா, நெவாடா நான்கிலும் டிரம்ப்பும் ஜெயித்தார். மேலே டிரம்ப், கீழே கருக்கலைப்பு உரிமைக்கு 'ஆம்'. ஒரே கை, ஒரே பேனா. ஃப்ளோரிடா இன்னும் வேடிக்கை. அங்கே உரிமைக்கு 57 சதவீதம், டிரம்ப்புக்கு 56. 57 தோற்றது, 56 ஜெயித்தது, ஏனென்றால் அங்கே அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 60 வேண்டும். டிரம்ப்பும் அங்கேதான் ஓட்டு வைத்திருக்கிறார். கருவுக்கு ஆறு வாரம் தாண்டினால் கலைக்கக் கூடாது என்ற அந்த ஊர்த் தடை ரொம்பக் குறுகியது என்று ஒரு நாள் பேசினார், மறுநாளே அந்தத் தடையை நீக்கும் திருத்தத்துக்கு எதிராக ஓட்டுப் போடுவேன் என்றார். கருக்கலைப்பை உரிமையாக்கிய பழைய 'ரோ' தீர்ப்பைக் கவிழ்த்த ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் நியமித்தவர்கள், ஆனால் பிரச்சாரத்தில் கேட்டால் 'அதெல்லாம் மாநிலங்கள் பாடு' என்று கையை உதறிவிடுவார். உரிமையைத் தனிக் கேள்வியாகக் கீழே வைத்தால் கமலாவுக்கும் சேர்த்து விழும் என்று ஜனநாயகக் கட்சித் தரப்பு கணக்குப் போட்டது. எனக்கென்னவோ நடந்தது தலைகீழ் என்றுதான் தோன்றுகிறது. உரிமையைக் கீழே காப்பாற்றிக்கொள்ள முடிந்தவள், மேலே முட்டை விலை ஏறிய கோபத்தில் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள்.

'பெண்கள்' என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு. வாக்குச்சாவடி வாசலில் கேட்டு எடுத்த கணிப்புகளில் கறுப்பினப் பெண்கள் பத்துக்கு ஒன்பது பேர் கமலாவுக்கு. வெள்ளைப் பெண்களில் பாதிக்கு மேல் 2016, 2020, 2024 மூன்று தடவையும் டிரம்ப்புக்குத்தான். இதில் எந்தப் பெண்ணை எந்தக் கிளையில் டெபாசிட் செய்வது?

என்னைப் போலவே வங்கி பாஷை பேசிய இன்னொருவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. தீர்ப்பை எழுதியவர். பெண்களுக்கு அரசியல் பலம் இல்லாமல் இல்லை என்று சொல்லிவிட்டு, வழக்கு வந்த மிசிசிப்பி மாநிலத்துக் கணக்கைத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டார்: மக்கள்தொகையில் பெண்கள் 51.5 சதவீதம், 2020ல் ஓட்டுப் போட்டவர்களில் 55.5. பேலன்ஸ் நிறைய இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதே மிசிசிப்பியில் மக்களே கையெழுத்து திரட்டி வாக்கெடுப்பு கொண்டுவரும் வழி ஒன்று இருந்தது. எந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கையெழுத்து வரக் கூடாது என்று விதி. விதி எழுதியபோது தொகுதி ஐந்து. 2000 சென்சஸுக்குப் பிறகு நாலு. நாலு தொகுதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வீதம் எடுத்தால் ஐந்தாவது பங்கு எங்கேயிருந்து வரும்? வராது, ஆகவே வழியே செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் சொல்லிவிட்டது. வழக்கு கஞ்சா மருந்து பற்றியது, ஆனால் மூடியது எல்லோருக்குமான கவுன்டர். அலிட்டோ பேலன்ஸ் படித்துக் காட்டியது அதற்கு அடுத்த வருடம். இதே மிசிசிப்பிக்காரர்கள் 2011ல், கருவுற்ற நொடியிலிருந்தே அது ஒரு 'நபர்' என்ற திருத்தத்தை, இதே வழியில் வந்த வாக்கெடுப்பில்தான் தோற்கடித்திருந்தார்கள். எனக்காவது வேட்டியில் தேய்த்துப் பார்க்கச் சொல்ல ஒரு செக்யூரிட்டி இருந்தார்.

கமலாவுக்கென்று நிஜமாகவே ஒரு வங்கி இருந்ததென்றால் அது மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம்தான், அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். தேர்தலன்று சாஸ்தா கோயிலில் சிறப்பு பூஜை, நன்கொடையாளர் கல்வெட்டில் கமலா பெயர், டி.வி. வேன்கள். ஊர் மொத்தமும் ஒரே கணக்கில் டெபாசிட். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் மட்டும் கிளை கிடையாது.

அப்புறம், நீங்கள் சொன்னது 34ம் பக்கம் இல்லை, 36. 34ல் இருப்பது ஊறுகாய் விளம்பரம்.