புலி இருக்கும் காட்டில் சிறுத்தைக்கு எங்கே இடம்? (கேள்வி பதில்)

கேள்வி: புலி, சிறுத்தை இரண்டும் ஒரே காட்டில் இருக்கின்றனவே, அடித்துக்கொள்ளாதா சார்?

பதில்: வசமாகச் சிக்கினால் புலி சிறுத்தையைக் கொன்றே போடும். அதனால் மோதலுக்கு முன்பே சிறுத்தை விலகிவிடும். நேபாளத்தின் சித்வன் காட்டில் சிறுத்தைகள் பூங்காவின் ஓரங்களுக்கு ஒதுங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் இரண்டும் அக்கம்பக்கமாகவே வாழ்கின்றன. அங்கே இரைக்குப் பஞ்சமில்லை. காட்டெருது, கடமான் என்று புலி பெரியதாகத் தேடும். சிறுத்தைக்குப் புள்ளிமான் போதும். வயிறு நிறைந்தால் எல்லைத் தகராறு குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி: சிறுத்தை ஒதுங்குவதைப் புலியோடான போட்டி என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் வேறு இடம் பிடித்திருக்கலாமே?

பதில்: நியாயமான சந்தேகம். தானியங்கி கேமராவில் இரண்டும் வேறு வேறு இடத்தில் பதிவாவதை மட்டும் வைத்துப் போட்டி என்று சொல்லிவிட முடியாது. ஒன்று புதிதாக வந்தபின் மற்றது நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் அதுதான் நடந்தது. பாப்கேட், லிங்க்ஸ் இரண்டும் அந்தப் பக்கத்துக் காட்டுப்பூனைகள். முன்பு அங்கே பாப்கேட் கிடையாது, லிங்க்ஸ் மட்டும்தான். 1955இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்துக் கடலுக்குக் குறுக்கே சாலை போட்டார்கள். பாப்கேட் உள்ளே வந்தது. இரண்டும் ஒரே பேரினம், எடையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பாப்கேட் முரடு. கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும். லிங்க்ஸுக்குப் பனிமுயலை விட்டால் வழியில்லை. தாழ்நிலம் பாப்கேட் வசமாக, லிங்க்ஸ் மேட்டுநிலத்துக்குள் சுருங்கியது.

மேட்டில் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், பாதத்தைப் பார்க்க வேண்டும். லிங்க்ஸின் பாதம் அகலமானது, அடர்ந்த மயிர் உள்ளது; ஆழமான பனியிலும் அமிழாது. பாப்கேட்டின் சின்னப் பாதம் பொதக்கென்று புதைந்துவிடும். பாப்கேட்டைத் தடுத்து நிறுத்துவது பனிதான். குளிர்காலப் பனி குறைந்தால் அந்தத் தடுப்பும் போய்விடும்.

கேள்வி: புலியே இல்லாத ஊரில் சிறுத்தை என்ன செய்யும்?

பதில்: இலங்கையில் பாருங்கள். புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தை வைத்ததுதான் சட்டம். வறண்ட காட்டிலும் இருக்கிறது, மலைக்காட்டிலும் இருக்கிறது. போர்னியோவில் சிறுத்தையும் கிடையாது, அங்கே பெரிய பூனை படைச்சிறுத்தைதான் (ஆங்கிலத்தில் clouded leopard, இது வேறு இனம்).

கேள்வி: சின்னப் பூனைகளுக்குள்ளும் இந்தத் தகராறு உண்டா அண்ணா?

பதில்: நிறையவே உண்டு. தென்னமெரிக்காவில் ஓசிலாட் என்ற காட்டுப்பூனை அதிகமுள்ள இடங்களில் அதைவிடச் சிறிய பூனைகள் பெரும்பாலும் அரிதாகவே இருக்கின்றன. அந்தச் சிறிய பூனைகளில் மார்கே மரத்தில் கெட்டி. பின்னங்காலைத் திருப்பித் தலைகீழாக இறங்கும். ஜாகுவாருண்டி பகலில் திரிவது. ஆனால் ஓசிலாட்டுக்குப் பயந்துதான் இப்படி ஆயின என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

கேள்வி: சிங்கத்திடமிருந்து தப்பிக்கச் சிவிங்கிப்புலி (சீட்டா) எங்கே போகும்?

பதில்: தொலைவுக்கு ஒன்றும் போவதில்லை. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கத்தின் கர்ஜனையைப் பதிவு செய்து ஒலிபரப்பிச் சோதித்தார்கள்; கேட்டதும் சிவிங்கிப்புலிகள் அங்கிருந்து நகர்ந்துவிட்டன. அதே புல்வெளிதான், சிங்கம் இல்லாத மூலையாகப் பார்த்து அவ்வப்போது இடம் மாறிக்கொள்கிறது.