ரெட்ரோ வண்டி, தார் ரோடு, மண் பாதை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பத்தொன்பது வருஷமாக விருதுநகர் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய தோற்றமுள்ள வண்டியை ஊருக்குள்ளும் மண் பாதையிலும் ஓட்ட நினைப்பவர்கள் நிறையக் கேட்கிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, தினமும் கோவில்பட்டிக்குப் போய்வர 34 கிலோமீட்டர். அதில் போக 3, வர 3 கரிசல் மண். எனக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல் ரொம்ப நாள் ஆசை. வீட்டில் எல்லோரும் மண் பாதைக்கும் ஏற்ற ஸ்க்ராம்ப்ளர் வகை வண்டிதான் சரி என்கிறார்கள். (எட்டயபுரம் பக்கம், வங்கி ஊழியர்)

கிளாசிக்கையே எடுங்கள் தம்பி. 34-ல் 28 கிலோமீட்டர் தார் ரோடு. மீதி 6 கிலோமீட்டருக்காக மனசுக்குப் பிடித்த வண்டியை விட வேண்டியதில்லை. முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18. இந்த அளவுச் சக்கரம் சின்னக் குழிக்குள் விழாமல் மேலேயே உருண்டு போய்விடும். வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, வண்டித்தடத்துக்கு அது போதும். 27 நியூட்டன் மீட்டர் இழுவையும் குறைந்த வேகத்திலேயே கிடைப்பதால், இரண்டாவது கியரில் போட்டு நிதானமாக உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எடை 195 கிலோ. சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

கரிசலைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். காய்ந்த கரிசலில் எந்த வண்டியும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் மாவு பிசைந்த மாதிரி டயரில் ஒட்டிக்கொண்டே வரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் போய் அடைத்து, கடைசியில் சக்கரமே சுற்றாது. ஒருமுறை நானே இப்படி மாட்டினேன். ஓடை தாண்டியதும் முன்சக்கரம் இறுகி நின்றது, வண்டி அப்படியே இடதுபக்கம் சாய்ந்தது. குச்சியால் மண்ணை நோண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. மண்ணைப் பிடிக்கக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது, பட்டன்களுக்கு நடுவில் இன்னும் நன்றாகவே அப்பிக்கொள்ளும். மட்கார்டு டயரை ஒட்டி இருக்கிற வண்டி எதுவானாலும், அது ஸ்க்ராம்ப்ளராகவே இருந்தாலும், இதே கதைதான். வருஷத்தில் அந்தப் பதினைந்து இருபது நாளுக்கு மெயின் ரோட்டில் தெரிந்தவர் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள்.

சார், நான் கால்நடை மருத்துவர். உயரம் 5 அடி 2 அங்குலம். தோட்டத்துப் பாதைகளில்தான் பாதி நாள். எனக்கு ரெட்ரோ வண்டி சரிவராது, ஸ்கூட்டியே போதும் என்கிறார்கள். (ஒட்டன்சத்திரம்)

நிச்சயம் சரிவரும் டாக்டர். ஸ்பெக் தாளில் சீட் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். ட்ரையம்ப் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் 835 மில்லிமீட்டர், உங்களுக்கு அது சிரமம்தான். ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 சீட் 790, டிவிஎஸ் ரோனின் 795. இந்த இரண்டிலும் எனக்கு ரோனின் பக்கம்தான் சாய்வு, ஏனென்றால் அது சுமார் 160 கிலோ, ஹண்டர் 181. தோட்டத்து வரப்பில் வண்டியைத் திருப்பும்போது இந்த இருபது கிலோ வித்தியாசம் கையில் நன்றாகத் தெரியும். 225 சிசி என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம், உங்கள் வேலைக்கு அது தாராளம்.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது தினமும் போடுகிற ஷூவோடு போங்கள். முதலில் சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்திப் பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கடைசியாக, ஒரு பக்கம் சரிவான இடத்தில் நிறுத்தி, பள்ளமான பக்கத்தில் கால் ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். சமதளத்தில் இரண்டு காலும் எட்டினாலும், மண் பாதையில் பள்ளத்துப் பக்கம் கால் எட்டாததால்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, உயரம் கூடின மாதிரி ஆகிவிடும், அதையும் கவனியுங்கள். சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்கினால் கல்லில் அடிபடும், திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்காது. மருந்துப் பெட்டியைப் பின்னால் உயரமாகக் கட்டாமல், பக்கவாட்டில் தாழ்வாக மாட்டுங்கள்.

ஸ்போக் வீலா, அலாய் வீலா? (மூன்று பேர் கேட்டிருந்தார்கள்)

கல்லில் வேகமாக அடிபட்டால் ஸ்போக் ரிம் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், தட்டி நிமிர்த்திக் கம்பியை இறுக்கிக்கொள்ளலாம். அலாய் அதே அடியில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. ஆனால் அலாயில் டியூப்லெஸ் டயர் வரும். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், நீங்களே ஓட்டையில் ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் சொருகிவிட்டு ஊர் வந்து சேரலாம். சாதாரண ஸ்போக்கில் டியூப்தான், சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கருவேல முள் நிறைந்த நம் பக்கத்தில், தினசரி வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கு நான் அலாய் என்றுதான் சொல்வேன். மலையில் பாறைத் தடத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஸ்போக். இரண்டும் வேண்டுமென்றால் டியூப்லெஸ் ஸ்போக் வருகிற ட்ரையம்ப் 400 எக்ஸ்சி மாதிரி வண்டி, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

போன மாதம் எஸ்டேட் சரிவில் இறங்கும்போது பின்பிரேக்கை அழுத்த அழுத்த வண்டி நிற்கவே இல்லை. பிரேக் பழுதா அண்ணா? (போடிநாயக்கனூர்)

பழுது இல்லை தம்பி, ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு, அப்படித்தான் வேலை செய்யும். தார் ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கும், அதனால் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்கிறது. அங்கே அது உயிர் காக்கிற விஷயம். உதிரி மண்ணில் நிலைமை வேறு. சக்கரம் கொஞ்சம் பூட்டினால்தான் மண் முன்னால் குவிந்து வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் அதற்கு விடாமல் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே இருப்பதால், சரிவில் வண்டி ஓடிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். அதனால்தான் 2020-க்குப் பிந்தைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஸ்க்ராம் 440, ட்ரையம்ப் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் போன்றவற்றில் ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி வைத்திருக்கிறார்கள். யெஸ்டி ஸ்க்ராம்ப்ளரில் ஏபிஎஸ்ஸுக்கு ரோடு, மழை, ஆஃப்ரோடு என்று மூன்று மோடு. உங்கள் வண்டியில் அந்த வசதி இல்லையென்றால், சரிவு தொடங்கும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், க்ளட்ச்சைத் தொடாமல் இன்ஜினே பிடித்து இறக்கட்டும். தார் ஏறியதும் ஏபிஎஸ்ஸைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் ஹிமாலயன் 411 ஒன்று வந்திருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்? (திண்டுக்கல்)

நல்ல தேர்வு. முன்சக்கரம் 21 அங்குலம், அடிப்பகுதி தரையிலிருந்து 220 மில்லிமீட்டர், முன் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கிக் கொடுக்கும். மண்ணுக்கென்றே செய்த வண்டி. 2016-ல் வந்த முதல் வண்டிகள் கார்புரேட்டர், முடிந்தவரை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளதாகப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் கடக்கென்று பிடித்து நின்றால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங், அதாவது கோன்செட், போயிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். ஸ்போக் கம்பிகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள், தளர்ந்த கம்பி மொத்தையான சத்தம் தரும். கீழே குனிந்து இன்ஜின் அடித்தட்டைப் பாருங்கள். கீறல் சகஜம். ஆழமாக உள்வாங்கியிருந்தால் பாறையில் உட்கார்ந்த வண்டி, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ மண் பாதை வண்டியாக மாற்றலாமா?

வேண்டாம் தம்பி. 1996-லேயே நின்றுபோன வண்டி, அசல் பாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது. அந்த ஃப்ரேமை கல்லில் அடித்து வீணாக்காமல், அப்பா வைத்திருந்த மாதிரியே புதுப்பித்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டுங்கள். ஆர்.சி. புதுப்பிப்பையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சைலன்சரை மேலே தூக்கி வைத்து, பழைய ஸ்க்ராம்ப்ளர் மாதிரி பண்ணித் தருவீர்களா?

தர மாட்டேன். ஐம்பது, அறுபதுகளில் இங்கிலாந்தில் ரோடு வண்டியை மண் பந்தயத்துக்கு மாற்றியவர்கள், கல்லிலும் தண்ணீரிலும் படாமலிருக்கத்தான் குழாயை மேலே ஏற்றினார்கள். அழகு அப்புறம் வந்து சேர்ந்தது. இன்றைய வண்டியில் புகை போகும் குழாயிலேயே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சென்சாரும் இருக்கின்றன. மாற்றினால் இன்ஜின் சரியாக ஓடாது, போலீஸ் அபராதமும் போடுவார்கள். டயர், ஹேண்டில்பார் க்ரிப், அடித்தட்டு, இவற்றில் செலவு செய்யுங்கள்.

தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) முன்சக்கரம் ஆடிக்கொண்டே போகிறது, பயமாக இருக்கிறது. (திசையன்விளை)

அது ஆடத்தான் செய்யும், ஆடவிடுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள், முன்பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். டயரில் காற்றழுத்தத்தை நாலைந்து பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும். டியூப் டயரென்றால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம், டியூப் நசுங்கிப் பஞ்சராகும். தார் ஏறும் முன் காற்றடிக்க ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் கல்லூரி போகிறான், ட்ரையம்ப் 400 கேட்கிறான். எனக்கு மனசில்லை. என்ன சொல்வது? (சாத்தூர், ஒரு அப்பா)

ஐயா, வண்டி நல்ல வண்டி, அதில் குறை இல்லை. ஆனால் 40 குதிரைத்திறன், முதல் வண்டிக்கு அதிகம் என்பதுதான் என் கருத்து. கிளாசிக்கோ ஹோண்டா சிபி 350 ஆர்எஸ்ஸோ ஏறக்குறைய அதில் பாதிதான். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. அந்த வித்தியாசப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்கால் மூடிய பூட்ஸ் மூன்றும் வாங்கிவிடலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு பட்டறைக்கு வாருங்கள். வெளியே கண்மாய்க்கரை இருக்கிறது, என் பழைய 350-ஐ அவனே ஓட்டிப் பார்க்கட்டும்.