பிரசவத்துக்குப் பிறகு கடும் மனச்சோர்வு: டாக்டர் சொல்லும் ‘கரண்ட் வைத்தியம்’ என்ன?

மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, தலையில் சில நொடி மின்சாரம் செலுத்தி, மூளையில் சிறு வலிப்பை வரவழைப்பதுதான் மின்அதிர்வு சிகிச்சை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சிக்கிக் கிடக்கும் மூளையை இது சீராக்குவது, தொப்பூர் கணவாயில் வண்டிகள் சிக்கினால் போலீஸ் எல்லாவற்றையும் நிறுத்தி வரிசையாக விடுவதைப்போல.

சாப்பிடாமல், பிள்ளையைத் தூக்காமல், சாகும் எண்ணத்தோடு கிடப்பவருக்கு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்தச் சிகிச்சை சீக்கிரம் கேட்கும். வழக்கமாக 6 முதல் 12 தடவை.

விழித்ததும் தலைவலி, குழப்பம் வரலாம். அந்த நாட்களின் நினைவுகள் சில திரும்பாமலே போகலாம். குழந்தை முதலில் சிரித்ததே ஞாபகமில்லை என்று ஒரு தாய் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அப்புறம், சினிமாவில் காட்டுவதுபோல விழித்திருக்கும்போது கட்டிவைத்து ஷாக் கொடுப்பதில்லை. மயக்க மருந்தில்லாமல் செய்வதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.