மணலி ரிஃபைனரி வேலைக்கு எந்தப் படிப்பு?

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பையனுக்கு வேதியியலில் நல்ல மதிப்பெண். தனியார் கல்லூரி ஒன்றில் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சீட்டுக்கு முன்பணம் கேட்கிறார்கள். "வீட்டுக்குப் பக்கத்திலேயே ரிஃபைனரி, முடித்ததும் உள்ளே போய்விடலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்ட இரண்டு நாள் பொறுங்கள்.

பெட்ரோலியம் இன்ஜினியரிங் பெரும்பாலும் எண்ணெயைத் தரைக்கடியிலிருந்து எடுக்கும் படிப்பு. மணலியில் எண்ணெய்க் கிணறு ஏது? கச்சா எண்ணெய் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து, அங்கிருந்து குழாயில் மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் விட்டு, நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று கொதிநிலைப்படி பிரிக்கிறார்கள். அடியில் தங்குவதையும் விடுவதில்லை. இன்ஜினுக்கு ஊற்றும் லூப் ஆயிலுக்கான எண்ணெயும் மெழுகும்கூட அதிலிருந்து வருபவைதான். இதெல்லாம் கெமிக்கல் இன்ஜினியர் பார்க்கிற வேலை. கூடவே மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் ஆட்களும், சூடு, அழுத்தம் அளக்கும் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்களும் வேண்டும்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றால் பலர் தயங்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரில் எம்.ஆர்.எல். என்றே சொல்லும் மணலி ரிஃபைனரி, அதாவது சி.பி.சி.எல்., 1969-ல் ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரித்தது. இன்று அதன் திறன் 1 கோடியே 5 லட்சம் டன். ஆலை நான்கு மடங்கு ஆனதால் வேலையும் நான்கு மடங்கு ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள். கன்ட்ரோல் ரூமில் நாலைந்து பேர் திரையைப் பார்த்தபடி ஒரு யூனிட்டையே ஓட்டுவார்கள். அவர்களுக்குக் கண்ணும் காதும் அந்த மீட்டர்கள்தான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்ததும் டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்க வேண்டியிருந்தது. கந்தகத்தை எடுக்க டீசலோடு ஹைட்ரஜனைக் கலந்து அதிக அழுத்தத்தில், அதிகச் சூட்டில் ஓட்ட வேண்டும். அங்கே ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சரி, உள்ளே போவது எப்படி? பி.இ. அல்லது பி.டெக். முடித்தவர்களுக்கு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வு) மதிப்பெண் அல்லது நிறுவனமே வைக்கும் தேர்வு. அந்தந்த ஆண்டு அறிவிப்பில்தான் தெரியும். யூனிட் ஆபரேட்டர் மாதிரி வேலைகளுக்கு கெமிக்கல் டிப்ளமோ, சில அறிவிப்புகளில் பி.எஸ்சி.யும் போதும். அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது முடிந்ததும் நிரந்தர வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமில்லை. "ரிஃபைனரி வேலை உறுதி" என்று நோட்டீஸ் ஒட்டும் ஃபயர் அண்ட் சேஃப்டி கோர்ஸ்களில் பணத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர்.

நாகப்பட்டினம் பனங்குடியில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் அடிக்கல்லை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ராத்திரியில் எரியும் அந்த நெருப்பைப் பார்த்துப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அது ஃப்ளேர். அழுத்தம் கூடும்போது மிச்ச வாயுவை வெளியே பரவவிடாமல் எரிக்கும் ஏற்பாடு. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று ஷிப்ட்டும் உண்டு, தீபாவளியன்றும் ஆலை ஓடும். பையன் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

எலெக்ட்ரிக் வண்டி வந்தால் என்ன செய்வது என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் கெமிக்கல் வேலை பெட்ரோல், டீசலோடு முடிவதில்லை. மணலியிலேயே பக்கத்து ஆலையில் மண்ணெண்ணெயிலிருந்து சலவைத்தூளுக்கான மூலப்பொருள் செய்கிறார்கள். கெமிக்கல் படித்தவனுக்கு மருந்து, உரம், பெயின்ட் என்று வேறு வாசல்களும் உண்டு. பெட்ரோலியம் படித்தவனுக்கு அவ்வளவு இல்லை.

கட்-ஆஃப் எவ்வளவு என்று எழுதவில்லையே? அதை அனுப்புங்கள். கவுன்சலிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் கெமிக்கலுக்கு வாய்ப்பு உண்டா, இல்லையென்றால் அப்புறம் எந்த வரிசையில் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.