குவாரிக் குத்தகையில் "கல் தீர்ந்தால்" என்று ஒரு வரி

கேள்வி: கரூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் புன்செய் பட்டா நிலம் இருக்கிறது. பாறை நிலம், மானாவாரிக்குக்கூட உதவாது. கிரஷர் வைத்திருக்கும் ஒருவர் 10 வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார், வருஷம் 6 லட்சம் ரூபாய். அதை நம்பி மாதம் 40,000 தவணையில் வீட்டுக்கடன் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒப்பந்த நகலில் "கனிம வளம் தீர்ந்துவிட்டால் குத்தகை தானாக முடிவுக்கு வரும், எஞ்சிய காலத்துக்குத் தொகை கோர முடியாது" என்று ஒரு வரி இருக்கிறது. இதில் பயப்பட ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. அந்த வரியை இப்படியே விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

"தீர்ந்துவிட்டால்" என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? நகலில் அது இல்லை. குவாரித் தொழிலில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதி இருக்கிறது. கல்லே இல்லாமல் போவது ஒன்று. கல் இருக்கும், ஆனால் அனுமதித்த ஆழமும் அளவும் முடிந்திருக்கும், அது இரண்டாவது. மூன்றாவதுதான் வம்பு: கல்லும் இருக்கும், அனுமதியும் இருக்கும், ஆனால் எடுத்தால் கட்டுப்படி ஆகவில்லை என்று குத்தகைதாரர் கிளம்பிவிடுவார். உங்கள் நகலில் இருக்கும் வரி இந்த மூன்றுக்கும் வளைந்து கொடுக்கும்.

அமெரிக்காவில் அலாஸ்காவின் புருடோ பே எண்ணெய் வயலை நம்பி 1989-இல் ஒரு ராயல்டி டிரஸ்ட், அதாவது எண்ணெய் வருவாயில் ஒரு பங்கை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தரும் அறக்கட்டளை, தொடங்கினார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நிகர வருவாய் 10 லட்சம் டாலருக்குக் கீழே போனால் டிரஸ்ட் முடியும் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்படியே 2024 டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்தது. அந்த வயலில் எண்ணெய் இன்னும் வருகிறது. ஆனாலும் பத்திரத்தைப் பொறுத்தவரை கதை முடிந்தது. அங்கே அளவுகோல் என்ன என்பதாவது முதல் நாளே எழுத்தில் இருந்தது, உங்களிடம் அதுவும் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். குவாரி அனுமதிக்குச் சுரங்கத் திட்டம், அதாவது மைனிங் பிளான், போட்டே ஆக வேண்டும். அதில் பூமிக்குள் இருக்கும் மொத்த இருப்பு ஓர் எண், எடுக்கக்கூடிய இருப்பு இன்னோர் எண். பக்கத்துப் பட்டா எல்லையில் 7.5 மீட்டர் விட வேண்டும், படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், அதனால் இரண்டாவது எண் நன்றாகக் குறையும். ஒரு பேச்சுக்கு அது 2,00,000 கன மீட்டர் என்று வையுங்கள். பத்து வருஷமும் பணம் வந்தால் 60 லட்சம், கன மீட்டருக்கு 30 ரூபாய். ஆனால் அவர் இரண்டு பொக்லைன் கூடுதலாக இறக்கி நாலே வருஷத்தில் வெட்டி எடுத்துவிட்டால்? உங்களுக்கு 24 லட்சம், கன மீட்டருக்கு 12 ரூபாய். லாரிக்காரர் கணக்கில் சொன்னால், 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் கல்லை 34 ரூபாய்க்கு விற்றிருப்பீர்கள். வேகமாக வெட்டினால் அவருக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். இப்படி ஒரு ஒப்பந்தத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பரமத்தி பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் லாரிக்கு ஒரு கோடு போட்டு, அஞ்சு கோடு ஆனதும் குறுக்கே அடித்து, மூன்று வருஷத் தாள்களை மஞ்சப்பையில் கட்டி வைத்திருந்தார். பிறகு குழியை அளந்தபோது அவர் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் யூனிட் விலை என்று ஒன்றே இல்லாததால், அந்தப் பையை வைத்து ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியவில்லை.

அதனால் வருஷ வாடகை மட்டும் வேண்டாம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருஷத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அது என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து குழியை அளக்க வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் லாரியோடு போகும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டின் நகல் உங்களுக்கு வர வேண்டும். "தீர்ந்தது" என்றால் அந்தக் கூட்டு அளவையில், திட்டத்தில் காட்டிய எடுக்கக்கூடிய இருப்பில் மீதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது என்று மட்டுமே பொருள். கட்டுப்படி ஆகவில்லை என்று நடுவில் போனால் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டுப் போகட்டும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். லாபம் குறைந்தது என்பது ஒப்பந்தச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்லும் 'நிறைவேற்ற முடியாத நிலை' ஆகாதுதான், ஆனால் நீங்களே கையெழுத்துப் போட்ட வரி அவருக்கு வாசலைத் திறந்துவிட்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

அப்புறம், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு கனிம நில வரி டன் கணக்கில் விழுகிறது. அதையும், எடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணத்தையும் யார் கட்டுவது என்று எழுதிவிடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பத்திரப் பதிவு கட்டாயம், நோட்டரி முத்திரை போதாது.

சரி, வீட்டுக்கடன். இதைத்தான் நீங்கள் இன்னும் யோசிக்க வேண்டும். வீட்டு வாடகை வாங்கினால் மாதக் கடைசியில் வீடு அப்படியே இருக்கும். இங்கே ஒவ்வொரு லோடிலும் உங்கள் சொத்துதான் ரோட்டில் போகிறது. நிலம் இன்று 45 லட்சம் பெறும், குழியான பிறகு 5 லட்சம்தான் பெறும் என்று வைத்தால், போவது 40 லட்சம். பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 4 லட்சம் உங்கள் முதலே திரும்பி வருகிறது, வருமானம் 2 லட்சம்தான். ஆனால் வரிக் கணக்கில் 6 லட்சமும் வருமானம்தான். விவசாய நிலமாக இருந்தாலும் கல்லில் வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. அமெரிக்காவில் ராயல்டி வாங்குபவருக்கு இருப்பு குறைவதற்கென்று வரியில் தனிக் கழிவு உண்டு, ரோட்டுக் கல்லுக்கு 5 சதவீதம். இங்கே நில உரிமையாளருக்கு அப்படி எதுவும் கிடையாது.

40,000 தவணை என்றால் வருஷம் 4,80,000. அதாவது வருமானம் முழுவதும் போய், முதலிலிருந்தும் 2,80,000 போகும், வரி வந்தால் அது தனி. என்னைக் கேட்டால், வருகிற 6 லட்சத்தில் 4 லட்சத்தை முதலில் வைப்பு நிதியிலோ வேறு நிலத்திலோ போட்டுவிடுங்கள். கடனை உங்கள் மற்ற வருமானம் தாங்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். குழியைச் சுற்றிக் கம்பி வேலி போடுவது குத்தகைதாரர் பொறுப்பு என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குத்தகை முடிந்து மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஊர்ப் பிள்ளைகள் குளிக்க இறங்குவார்கள், பட்டா அப்போதும் உங்கள் பேரில்தான் இருக்கும்.