கிரானைட்டுக்குள் எத்தனை சொற்கள்? கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொல் தேடும் முறை

பாலக்கோடு அருகே அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளைக் கொடுத்து, அவை வரும் ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். இரண்டு மூன்று சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். கைப்பேசியில் தேடினால் நானே அறியாத சொற்கள் வந்து குவிகின்றன. ஒழுங்கான வழி உண்டா?"

உண்டு. ஆனால், "இந்த எழுத்துகள் வரும் சொல்" என்று நீங்கள் கேட்கும்போது பிள்ளைகள் அதை மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்பதை முதலில் கவனியுங்கள். எழுத்துகள் அதே வரிசையில் அடுத்தடுத்து வர வேண்டுமா, சொல்லுக்குள் எங்கே வந்தாலும் போதுமா, அல்லது அந்த எழுத்துகளை மட்டுமே கொண்டு சொல் அமைய வேண்டுமா என்பதைக் கரும்பலகையிலேயே எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வகையே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் லாரிகளில் போவதை அன்றாடம் பார்க்கும் கிரானைட்டையே எடுத்துக்கொள்வோம். ஜி, ஆர், ஏ, என், ஐ, டி, இ என ஏழு எழுத்துகள். இவற்றை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு. அதற்குப் பதிலாக, ஆங்கிலச் சொற்களின் இறுதியில் அடிக்கடி ஒட்டிவரும் ஐ, என், ஜி மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் ஆர், ஏ, டி, இ. அவற்றிலிருந்து 'கிழி' என்று பொருள்படும் 'டேர்' கிடைக்கும்; எடுத்து வைத்ததை அதன் பின்னால் சேர்த்தால் 'டேரிங்', அதாவது கிழித்தல். ஏழு எழுத்தும் தீர்ந்துவிட்டன. அதே வழியில் ஓர் எழுத்தை மிச்சம் வைத்து 'ஈட்டிங்', 'ரேட்டிங்' ஆகியவற்றையும் அடையலாம். பிறகு ஆர், இ இரண்டையும் முன்னால் நிறுத்திப் பார்த்தால் 'ரீகெய்ன்', 'ரீடெய்ன்' வெளிப்படும். 'டைகர்', 'கிரேட்', 'ஜயன்ட்', 'டிரெய்ன்' போன்ற ஐந்தெழுத்துச் சொற்கள் பிள்ளைகளுக்கே தோன்றும்.

சொல்லுக்குள் எங்கே வந்தாலும் போதும் என்ற வகையில், அரிதான எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். எது அரிது என்பதற்கு, எழுத்து பொறித்த வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டு நல்ல வழிகாட்டி. அதை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ், 1930களில் செய்தித்தாள் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். ஆங்கிலத் தொகுப்பின் 100 வில்லைகளில் இ மட்டும் 12, ஜி மூன்று, க்யூ, எக்ஸ் போன்றவை ஒவ்வொன்றே. எனவே இ, ஏ, எக்ஸ் வரும் சொற்களைக் கேட்டால், எக்ஸ் வரும் சொற்களை முதலில் நினைவுக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டும் அவற்றில் உள்ளனவா என்று பார்ப்பதே எளிது. 'எக்ஸாம்' உடனே வந்துவிடும்.

அடுத்தடுத்து வரும் எழுத்துகளைத் தேடும்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும் என்பதால், ஆங்கிலச் சொல்லையும் அவர்கள் ஒலியைக் கொண்டே தேடுகிறார்கள். ஓ, யூ, ஜி, எச் என்ற தொடர் 'ரஃப்', 'காஃப்', 'தோ', 'த்ரூ' நான்கிலும் வருகிறது. ஒலியோ நான்கு விதம். ஆகவே இந்த வகைப் பயிற்சியை வாய்மொழியாக நடத்தாமல், பாடநூலின் ஒரு பக்கத்தைத் திறக்கச் செய்து கண்ணால் தேடச் சொல்லுங்கள்.

ஒரே எழுத்து இருமுறை வந்தால் இருமுறை எண்ண வேண்டும் என்பதையும் வற்புறுத்துங்கள். பாலக்கோடு தக்காளிச் சந்தையை அறிந்த பிள்ளைகளுக்கு 'டொமாட்டோ' பொருத்தமான எடுத்துக்காட்டு. அதில் டி இரண்டு, ஓ இரண்டு இருப்பதால்தான் 'மோட்டோ' என்ற சொல் அமைகிறது.

பள்ளிக் கணினியில் எக்ஸெல் இருந்தால், பாடநூல் சொற்களை ஒரே நிரலில் தட்டச்சு செய்து வடிகட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். அடுத்தடுத்த எழுத்துகளுக்கு, அவற்றின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டுத் தேடினால் போதும். எங்கே வந்தாலும் சரி என்றால், முதல் எழுத்துக்கு வடிகட்டிக் கிடைத்ததை வேறு தாளில் ஒட்டி, அடுத்த எழுத்துக்கு மீண்டும் வடிகட்டுங்கள். இணையத்தின் பெரும் பட்டியல்களைவிட இந்தச் சிறு பட்டியலையே நான் பரிந்துரைப்பேன். பொருள் தெரியாத சொல்லைக் கண்டுபிடிப்பதால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை.

கணினி இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, அதையே தலைப்பாக எழுதி, சொல்லை அதன் கீழே குறிக்கச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிக்குப் பெயர் தேடித் தந்த 'மேங்கோ'வை இப்படி அடுக்கினால் ஏ, ஜி, எம், என், ஓ என்று வரும். என்றாவது ஒரு நாள் 'இடையே' என்று பொருள்படும் 'அமங்' என்ற சொல்லை ஒரு பிள்ளை அடுக்கும்போது அதே தலைப்பு வரும். இரண்டு சொற்களும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.