வீல் இறங்கலன்னா என்ன பண்ணுவாங்க? கேளுங்க, சொல்றேன்

திருச்சி–ஷார்ஜா ஃப்ளைட் வானத்துலயே சுத்துன நாள்லேர்ந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வியா வருது, சரி மொத்தமா இங்கயே பதில் போட்டுடறேன். நான் பைலட் இல்லீங்க, லைன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் (ஏர்போர்ட்ல ஃப்ளைட்ட செக் பண்ணி ரிப்பேர் பாக்கறவன்), போயிங் 737ம் ஏர்பஸ் ஏ320ம் தான் பொழப்பு, அதனால ஓட்டற விஷயத்த விட மெஷின் விஷயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

கேகே நகர் பையன்: அண்ணா, அன்னைக்கு மொட்டை மாடிலேர்ந்து பாத்தோம், அவ்ளோ நேரம் சுத்துச்சே, ஏன் உடனே இறக்கல? பெட்ரோல கீழ கொட்டறாங்கன்னு வேற சொன்னாங்க.

தம்பி, அது 2024 அக்டோபர் 11, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. சாயங்காலம் 5.40க்கு கிளம்பி ஹைட்ராலிக் (வீல் மாதிரி பாகங்கள அசைக்கற எண்ணெய் அழுத்தம்) கோளாறுன்னு திரும்பி, ராத்திரி 8.15 வாக்குல பத்திரமா இறங்குச்சு. கொட்டறாங்கன்னு சொன்னது சும்மா. 737ல எரிபொருள வெளிய கொட்டற வசதியே கிடையாது, 777 மாதிரி பெரிய வண்டில தான் அது. 737-800 கிளம்பும்போது 79 டன் வரைக்கும் தாங்கும், இறங்கும்போது சுமார் 66 டன் தான் லிமிட், ஷார்ஜா வரைக்கும் போக ரொப்பிட்டு கிளம்பின வண்டி, அப்ப சுத்தி சுத்தி எரிச்சு தான் ஆகணும். உள்ள தீ புடிச்சிருந்தா எடையாவது ஒண்ணாவது, உடனே இறக்கிருப்பாங்க. நேரம் இருந்துச்சு, அதனால சுத்துனாங்க, அவ்ளோதான்.

டிப்ளமோ மெக்கானிக்கல்: சார், ஹைட்ராலிக்கே போயிட்டா வீல் எப்படி சார் இறங்கும்?

அதோட சொந்த எடையில தான் இறங்கும். 737ல கோ-பைலட் சீட்டுக்கு பின்னாடி தரையில ஒரு சின்ன மூடி இருக்கும், தொறந்தா மூணு கைப்பிடி, மூக்கு வீலுக்கு ஒண்ணு, இடது வலதுக்கு ஒவ்வொண்ணு. இழுத்தா கேபிள் வழியா மேல இருக்கற லாக் விடும், வீல் தானா விழுந்து கீழ லாக் ஆகிடும். ஹேங்கர்ல வண்டிய ஜாக்ல தூக்கி வச்சு இத டெஸ்ட் பண்ணுவோம், இழுத்த உடனே ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் கீழேர்ந்து டொம்முனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கப்புறம் தான் நமக்கு மூச்சே வரும். ஏ320ல கைப்பிடி இல்ல, ஒரு கிராங்க், மூணு சுத்து சுத்தணும்.

நைட் ஷிப்ட்: இறங்கிடுச்சுன்னு மேல இருக்கறவங்களுக்கு எப்படி தெரியும்? பல்பு ஃப்யூஸ் போனா?

நல்ல கேள்வி கேட்டீங்க, ஏன்னா இதுல தான் ஆளுங்க செத்திருக்காங்க. மூணு பச்சை லைட்டு எரியணும், 737ல மேல் பேனல்ல இன்னொரு செட்டும் இருக்கு. 1972 டிசம்பர் 29, அமெரிக்காவுல ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் 401, மயாமில இறங்கப் போகுது, மூக்கு வீல் லைட்டு எரியல. காக்பிட்ல அத்தனை பேரும் அந்த பல்ப நோண்டிக்கிட்டு இருக்காங்க, ஆட்டோபைலட் உயரத்த விட்டுட்டு மெதுவா கீழ போறத ஒருத்தரும் கவனிக்கல, நேரா எவர்கிளேட்ஸ் சதுப்புல போய் விழுந்துச்சு. 101 பேர் போயிட்டாங்க. வீல்ல ஒரு கோளாறும் இல்ல, பல்பு தான் போயிருந்துச்சு! அப்புறம் 1978 டிசம்பர் 28, அதே அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல யுனைடெட் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் 173, வீல் பிரச்னைய பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் சுத்தி எரிபொருள் தீந்து ஊருக்குள்ளயே விழுந்துச்சு, 10 பேர் போயிட்டாங்க. காக்பிட்லயே இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் எரிபொருள் குறையுதுன்னு சொன்னாலும் கேப்டன் மண்டையில அது ஏறல. இதுக்கப்புறம் தான் காக்பிட்ல எப்படி பேசிக்கணும், யார் ஓட்டணும், யார் செக்லிஸ்ட் படிக்கணும்னு தனியா ட்ரெய்னிங்கே வந்துச்சு. என்னைக் கேட்டா வீல் இறங்காதது கூட ரெண்டாவது பிரச்னை தான், அதையே பாத்துக்கிட்டு மத்தத மறக்கறது தான் மொத பிரச்னை.

சும்மா ஒரு டவுட்: மூணும் இறங்கலன்னா வயித்துல இறக்கினா வெடிச்சிடாதா? வயல்ல, தண்ணில இறக்கினா மெத்துனு இருக்குமே?

ஐயோ வேணாம் 😄 மண்ணுல இன்ஜின் குத்திக்கும், ரன்வே தான் எப்பவும் நல்லது, வழுக்கிட்டு போய் நிக்கும், பக்கத்துலயே ஃபயர் சர்வீஸும் நிக்கும். 2011 நவம்பர் 1, போலந்து நாட்டு லாட் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் 16, நியூவார்க்லேர்ந்து வார்சா, 767. ஹைட்ராலிக் லீக், மாத்து வழியிலயும் வீல் இறங்கல, கேப்டன் ததேயுஷ் வ்ரோனா வயித்துலயே இறக்கினாரு, உள்ள 231 பேர், யாருக்கும் அடி இல்ல. அப்புறம் வண்டிய தூக்கி பாத்தா ஒரு சர்க்யூட் பிரேக்கர் ட்ரிப் ஆகி கிடக்கு, அத உள்ள தள்ளிட்டு மாத்து வழிய போட்டா வீல் இறங்குச்சு. ஒரு பொத்தான்!

ரெயில் பார்ட்டி: ரெண்டு இறங்கி ஒண்ணு இறங்கலன்னா, இறங்கினதையும் மடக்கிடுவாங்களா?

பொதுவா இல்ல, இருக்கற வீல வச்சு இறங்குன்னு தான் செக்லிஸ்ட் சொல்லும். மூக்கு வீல்ல பிரச்னைன்னா அத எவ்ளோ நேரம் மேல பிடிக்க முடியுமோ அவ்ளோ நேரம் பிடிச்சிட்டு மெதுவா வைப்பாங்க. 2005 செப்டம்பர் 21ல ஜெட்ப்ளூ ஏ320 ஒண்ணு மூக்கு வீல் 90 டிகிரி பக்கவாட்டுல திரும்பின நிலையில லாஸ் ஏஞ்சலஸ்ல இறங்குச்சு, பயணிகள பின்பக்கம் உக்கார வச்சாங்க. கொடுமை என்னன்னா சீட்டு முன்னாடி டிவில அவங்க ஃப்ளைட்டயே லைவ்ல காட்டிக்கிட்டு இருந்தான். டயர் கிழிஞ்சு தீப்பொறி பறந்துச்சு, ஆனா சென்டர் லைன்லயே நின்னுச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

ஷார்ஜா அக்கா: தம்பி, நான் வருஷா வருஷம் அதே ரூட்ல தான் வர்றேன். நமக்கு அந்த மாதிரி ஆனா நான் என்ன செய்யணும்?

அக்கா, பெல்ட்ட இறுக்கமா போடுங்க, குனிஞ்சு தலைய பிடிங்கன்னா கேபின் க்ரூ காட்டின மாதிரியே பிடிங்க, ஹீல்ஸ கழட்டிடுங்க. பாஸ்போர்ட், நகை எது மேல இருந்தாலும் விட்டுட்டு எறங்குங்க, பைய எடுக்க நிக்கறவர் பின்னாடி பத்து பேர் நிக்கணும். இன்னொண்ணு, கிட்ட இருக்கற கதவுன்னு நீங்களா ஓடாதீங்க. மூக்கு கீழ படுத்துட்டா வால் தூக்கிக்கும், பின் கதவு ஸ்லைடு செங்குத்தா தொங்கும், சில சமயம் தரையையே தொடாது. எந்தக் கதவுன்னு க்ரூ கத்துவாங்க, அந்தப் பக்கம் போங்க.